வண்டி மை முதல் வீல் பேரிங் வரை

மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். "ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே பதினைந்து வந்துவிட்டது, நீ தொழில் சம்பந்தமாக எழுது" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். விவசாயக் கருவிகளோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்கல்காரன் நான். என்னிடம் இருக்கும் விஷயம் கிரீஸ்தான். அதிலும் டிராக்டர் டிரெய்லரின் சக்கரத்துக்குள் போடுகிற கிரீஸ். யாரும் சிரிக்க வேண்டாம். இதற்கு நாலாயிரம் வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைப் புரட்டினால் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: மசகு போடுவது யார் வேலை?

ஊற்றுவதற்கென்று ஓர் ஆள்

எகிப்தில் டெய்ர் எல்-பெர்ஷா என்ற இடத்தில் ஜெஹுதிஹோதெப் என்ற பிரபுவின் கல்லறை இருக்கிறது. சுமார் 3,900 ஆண்டுப் பழமையானது. அதன் சுவரில் ஒரு சித்திரம். பிரம்மாண்டமான சிலை ஒன்றைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் ஒருவன் நின்று, கட்டைக்கு முன்னால் தரையில் எதையோ ஊற்றுகிறான். வெகுகாலம் இதைச் சடங்கு என்று கூட நினைத்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் பரிசோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு நனைத்த மணலில் இழுக்கும் விசை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

என்னைக் கவர்ந்தது அந்தக் கணக்கு அல்ல. நூறு பேர் இழுக்கிற இடத்தில் ஒருவனை இழுக்க விடாமல் ஊற்றுவதற்கென்றே நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான். நம்முடைய பாஷையில் சொன்னால், மசகு போட ஒரு போஸ்டிங் இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது உமணர்களின் உப்பு வண்டியை உவமை சொல்கிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று முன்யோசனையோடு, வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். நெருக்கடியில் கைகொடுக்கும் அந்த மாற்று அச்சைப் போன்றவன் இவன் என்கிறார். அச்சு எப்போது வேண்டுமானாலும் போகும், அதற்குத் தயாராக இருப்பவனே வண்டிக்காரன் என்பது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மாட்டு வண்டியில் அச்சும் சக்கரக் குடமும் நேருக்கு நேர் உரசிச் சுழலும். நடுவில் இருப்பது வண்டி மை. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். எண்ணெய் வழுக்கும், கரி எண்ணெயை ஓடிவிடாமல் பிடித்து நிறுத்தும். இன்றைய கிரீஸும் அடிப்படையில் இதே சங்கதிதான். மை வைத்த மூங்கில் குழாயோ டப்பாவோ வண்டியோடு கூடவே தொங்கும். தூரப் பயணத்துக்கு முன்னால் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் மை தடவி, மறுபடி தள்ளிக் கடையாணி போடுவார்கள். மறந்தால்? வண்டியே கத்தும். "கிரீச்" என்ற அந்தச் சத்தம் ஊரெல்லாம் கேட்கும். வண்டிக்காரனுக்கு மானம் போய்விடும். ஆக, மாட்டு வண்டியில் மை போடும் வேலைக்கு ஆளும் உண்டு, நினைவுபடுத்த மணியும் உண்டு.

உரசுவதிலிருந்து உருளுவதற்கு

உரசுகிற இடத்தில் குண்டுகளை வைத்தால் உருண்டுவிடுமே என்பது பழைய யோசனை. லியோனார்டோ டா வின்சி வரைந்த குண்டு பேரிங் படங்கள் மாட்ரிட் நகரத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் வண்டி அச்சில் குண்டு வைத்துக் காப்புரிமை வாங்கியவர் வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வாகன் என்ற இரும்புத் தொழிலதிபர். வருஷம் 1794. குண்டுகள் அத்தனையும் ஒரே அளவில் இருந்தால்தான் பாரம் சமமாகப் பகிரும். அந்தக் காலத்தில் அப்படிச் செய்ய வழியில்லை. 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரெடரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பிறகே பேரிங் ஒரு தொழிற்சாலைப் பொருளாயிற்று.

நம் டிரெய்லருக்கு நேரடி மூதாதை வேறு. செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி கட்டும் தொழில் செய்த ஹென்றி டிம்கென், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். பாரவண்டி நேரே போகும்போது சுமை மேலிருந்து கீழே அழுத்துகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. சாதாரணக் குண்டோ நேர் உருளையோ இந்த இரண்டையும் சேர்த்துத் தாங்காது. உருளையைக் கூம்பாகச் செதுக்கிச் சாய்த்து வைத்தால் இரண்டையும் தாங்கும். 1898-இல் டிம்கெனும் அவருடைய உறவினர் ஹெய்ன்செல்மனும் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். நம் பட்டறைகளில் "கோன் பேரிங்" என்று சொல்கிறோமே, அதுதான். டிரெய்லர் ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று எதிரெதிர்ச் சாய்வில் இரண்டு உட்காரும். நூற்றிருபது வருஷமாக அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

நம் ஊரில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது டயர் வண்டி. பட்டா போட்ட மரச் சக்கரத்துக்குப் பதில் காற்றடைத்த டயர், உள்ளே பேரிங். பெங்களூர் ஐ.ஐ.எம். முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பேசியவர். வழுவழுப்பான பேரிங் இருந்தால் அதே மாடு அதிகப் பாரம் இழுக்கும், கழுத்துப் புண்ணும் குறையும் என்பது அவர் கட்சி. அது உண்மைதான். கூடவே இன்னொன்றும் நடந்தது. டயர் வண்டி கத்துவதை நிறுத்திவிட்டது. மைக் குழாயும் காணாமல் போயிற்று.

கிரீஸ் என்கிற சோப்பு

கிரீஸ் என்பது கெட்டி எண்ணெய் இல்லை. ஸ்பாஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பதுபோல், ஒரு சோப்பின் நுண்ணிய நார்கள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடும் அழுத்தமும் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விடும். உண்மையில் மசகு வேலை செய்வது அந்த எண்ணெய்தான்.

முதலில் வந்தது சுண்ணாம்புச் சத்துள்ள கால்சியம் சோப்பு கிரீஸ். தண்ணீரில் கரையாது, ஆனால் சூடு தாங்காது. நூறு டிகிரி செல்சியஸை நெருங்குவதற்குள் பிரிந்துவிடும். அடுத்தது சோடியம் சோப்பு. சூடு தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து போகும். இரண்டும் வேண்டும் என்றால்? 1942-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் லித்தியம் சோப்பு கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். உருகி ஒழுகும் நிலை 180 டிகிரிக்கு மேல், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். இன்று கடையில் "எம்.பி. கிரீஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 என்று போட்டிருக்கும். அது கெட்டித்தன்மையின் எண்.

கிரீஸை உள்ளே செலுத்தும் வழியும் மாறியது. ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஜெர்க் என்பவரின் நிப்பிளுக்கு 1929-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கிரீஸ் கன்னை மாட்டி நாலு அழுத்து அழுத்தினால் முடிந்தது வேலை. இதில் ஒரு நஷ்டமும் உண்டு. முன்பு மை போட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியவன் அச்சைக் கண்ணால் பார்த்தான், விரலால் தடவினான். நிப்பிள் வந்த பிறகு கிரீஸ் உள்ளே போகிறது, கண் உள்ளே போவதில்லை.

ரயில் சொல்லும் பாடம்

இந்தக் கதையைச் சந்தேகமில்லாமல் நிரூபிப்பது ரயில். பழைய வேகன்களில் அச்சின் முனை, எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவின் மேல் உரசிச் சுழன்றது. எண்ணெய் வற்றினால் சூடாகிப் புகைந்து தீப்பிடிக்கும். நம் ரயில்வேக்காரர்கள் இதை "ஹாட் ஆக்சில்" என்பார்கள். அதனால் பெரிய ஸ்டேஷன்களில் எண்ணெய் ஊற்ற ஒருவர், சுத்தியலால் தட்டிப் பார்க்க ஒருவர், பெட்டியைத் தொட்டுப் பார்க்க ஒருவர் என்று ஆட்கள் இருந்தார்கள்.

பிறகு உருளை பேரிங் வந்தது. 1930-இல் டிம்கென் கம்பெனி, எல்லா அச்சிலும் உருளை பேரிங் வைத்த நீராவி இன்ஜின் ஒன்றைச் செய்து ஊர் ஊராகக் காட்டியது. சில பெண்கள் கயிறு கட்டி அந்த இன்ஜினை இழுத்த புகைப்படம் பிரசித்தம். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது. அங்கே உருவான பெட்டிகள் உருளை பேரிங்கில்தான் ஓடின.

ஆனால் உலகத்து வேகன்கள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1979 நவம்பர் 10, நள்ளிரவுக்குச் சற்று முன்னால், கனடாவின் மிசிசாகா நகரில் 106 வேகன் கொண்ட சரக்கு ரயில் தடம் புரண்டது. 33-ஆவது வேகனில் பழைய உரசல் பேரிங். மசகு போதாமல் காய்ந்து, அச்சு முறிந்து, சக்கரமே கழன்று விழுந்திருக்கிறது. பின்னால் வந்த டாங்கர்களில் புரொப்பேன் வெடித்தது, குளோரின் கசிந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். தெய்வாதீனமாக ஓர் உயிரும் போகவில்லை.

"அது பழைய பேரிங், இப்போது அப்படி நடக்காது" என்று சொல்லலாம். 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் நடந்ததைக் கேளுங்கள். நவீன உருளை பேரிங். பாதையோரத்தில் தானியங்கிச் சூடு காட்டும் கருவிகள். முதல் கருவி, சுற்றுப்புறத்தைவிட 38 பாரன்ஹீட் டிகிரி கூடுதல் என்று காட்டியது. அடுத்தது 103. கம்பெனியின் விதிப்படி ரயிலை நிறுத்த இது போதாது. மூன்றாவது கருவி சுமார் 20 மைலுக்கு அப்பால். அங்கே காட்டியது 253. டிரைவர் பிரேக் போட்டுக்கொண்டிருந்தபோதே அச்சு முறிந்துவிட்டது. 38 வேகன்கள் தடம் புரண்டன. அவற்றில் வினைல் குளோரைடு டாங்கர்களும் இருந்தன. ஊர் மக்களில் பலர் வெளியேற வேண்டியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பேரிங் திடீரென்று சாகவில்லை. 38, 103 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் போயிருக்கிறது. இரண்டு எண்களையும் சேர்த்து வைத்து, "இது ஏறிக்கொண்டு போகிறதே" என்று யோசித்து நேரத்தோடு யாரும் ரயிலை நிறுத்தவில்லை. பேரிங் மேம்பட மேம்பட, அதை அடிக்கடி பார்க்க வேண்டிய அவசியம் குறைகிறது. குறைந்ததும் பார்க்கும் ஆளை எடுத்துவிடுகிறோம்.

1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு இதைப் பணக்கணக்காகவே போட்டுக் காட்டியது. உராய்வு, தேய்மானம், மசகு ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுத் தொழில்துறைக்கு வருஷத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றது அறிக்கை. "டிரைபாலஜி" என்ற சொல்லே அதில்தான் அறிமுகமானது. அது முக்கியமாகக் கேட்டது புதிய இயந்திரத்தை அல்ல, இந்த விஷயத்தில் கல்வியையும் ஆராய்ச்சியையும்.

நம் டிரெய்லர்

இனி நம் ஊர் கரும்பு டிரெய்லருக்கு வருகிறேன். டிராக்டருக்கு மணி மீட்டர் உண்டு, சர்வீஸ் புத்தகம் உண்டு, கம்பெனி மெக்கானிக் உண்டு. பின்னால் இழுபடும் டிரெய்லருக்கு ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கியது. ஓடிய தூரத்தைக் காட்டவும் கருவி இல்லை. அரவைப் பருவத்தில் அளவுக்கு மீறிய பாரம், வயல் சேறு. பருவம் முடிந்தால் மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் ஒரே இடத்தில் நிற்கும். நிற்கும்போதும் பேரிங் கெடுகிறது. சீல் வழியே போன ஈரம், உருளை ரேஸைத் தொடும் கோட்டில் துருவாக அரித்துவிடும். அடுத்த பருவத்தில் முதல் லோடு ஏற்றியதும் அந்தக் கோட்டிலிருந்துதான் பெயர்ந்து வரும்.

சில வருஷத்துக்கு முன் ஓர் ஆலை வாசலில் வரிசையில் நின்ற டிரைவர்களிடம், "கடைசியா எப்ப வீல் பேரிங் கழட்டி கிரீஸ் வெச்சீங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சொன்னார்: "வாங்கினப்ப அவங்களே வெச்சிருப்பாங்க சார்." இன்னொருவர்: "அது ஓனர் வேலைங்க." ஓனரைக் கேட்டால், "டிரைவர் பாத்துக்குவாப்ல." யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இதன் விலை பேரிங்கின் விலை அல்ல. அதே பருவத்தில் ஓர் இரவு, பேரிங் ஜாம் ஆகி நடுரோட்டில் நின்றுவிட்ட டிரெய்லர். பின்னால் விளக்கு இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை. வேலை முடிந்து பைக்கில் வந்த ஓர் இளைஞர் நேரே மோதினார். உயிர் பிழைத்தார், வலது கால் போய்விட்டது. சில நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய கிரீஸ் வேலை.

செய்ய வேண்டியது இதுதான். பருவம் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை, சக்கரத்தை ஜாக்கில் தூக்குங்கள். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஹப்பைக் கழற்றி, இரண்டு பேரிங்கையும் பழைய கிரீஸ் போகும்வரை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவிக் காய வையுங்கள். காற்றடித்துப் பேரிங்கைச் சுழல விடாதீர்கள், உருளை தெறிக்கும். உருளையிலோ ரேஸிலோ நீலம் பாய்ந்திருந்தால் சூடாகியிருக்கிறது. குழி விழுந்திருந்தால் துரு தின்றிருக்கிறது. இரண்டு கேஸிலும் கோனையும் கப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

உள்ளங்கையில் புது கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். வெளியே பூசினால் மட்டும் போதாது. அதே நேரம் ஹப் முழுவதையும் கிரீஸால் அடைத்துவிடாதீர்கள். அதிகமானால் கடையப்பட்டு அதுவே சூடாகும். வேறு வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள். சில வகைகள் ஒத்துப்போகாமல் இளகி ஓடிவிடும். ஆயில் சீல் புதிது போடுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் உட்கார்ந்ததும் தளர்த்தி, கையால் முடுக்கும் அளவுக்கு விட்டு, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடும் சிக்கனம் வேண்டாம். முதல் பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வெடுக்கென்று இழுக்க வைத்தால், மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மெஷின் டிசைன் வகுப்பில் எல்-10 ஆயுள் கணக்குப் போடுவீர்கள். பாரத்தையும் பேரிங்கின் திறனையும் போட்டால் இத்தனை லட்சம் சுற்று என்று விடை வரும். அந்த அடிப்படைச் சூத்திரத்தில் சேற்றுக்கு ஓர் எழுத்து கிடையாது. ஐ.எஸ்.ஓ. 281 தரத்தின் 2007-ஆம் வருஷப் பதிப்பு மசகின் நிலையையும் மாசின் அளவையும் கணக்குக்குள் கொண்டு வந்தது. ஆனாலும் போன பருவம் கிரீஸ் போட்டார்களா என்பதை எந்தச் சூத்திரமும் உங்களுக்குச் சொல்லாது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. சரக்கு வேகனின் பக்கவாட்டில், கடைசியாகப் பழுது பார்த்த தேதியும் அடுத்து வர வேண்டிய தேதியும் பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லருக்கும் அப்படி இரண்டு வரி போதும்: கிரீஸ் வைத்த தேதி, அடுத்த தேதி. அடியில், பொறுப்பானவர் பெயர். வருகிற என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது டிரெய்லரைத் தூக்கிப் பார்ப்போம். ஜாக், கிரீஸ், சீல், பெயிண்ட் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. கை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாத இருபது மாணவர்கள் வந்தால் போதும். கழற்றக் கற்றுக்கொடுக்க நானும் வருகிறேன்.